வீட்டுலயே ஃபைவ் ஸ்பைஸ் தூள்: அரைக்கறதும் அளவா போடறதும்

பினாங்குல நிறைய தமிழ் வீட்டு கிச்சன்ல ஒரு ஃபைவ் ஸ்பைஸ் (சீனவங்க மசாலா தூள்) பாக்கெட் இருக்கும், சைனீஸ் நியூ இயர் நேரத்துல ஏதாவது செய்யலாம்னு வாங்கினது, ஒரு தடவை கோழிக்கு நம்ம கறித்தூள் போடற மாதிரி பெரிய கரண்டியில அள்ளி போட்டு, சாப்பிட்டவங்க எல்லாம் மருந்து வாசனை அடிக்குதேன்னு சொல்லி, அதோட அந்த பாக்கெட் ரப்பர் பேண்ட் கட்டி அலமாரி பின்னாடி போயிடும். உண்மையில அது அருமையான தூள்ங்க. எவ்வளவு போடறோம், கூட எதை சேர்க்கறோம்ங்கற ரெண்டு விஷயம் சரியா இருந்தா போதும், லோர் பாக் (இறைச்சியை சோயா தாள்ல சுருட்டி பொரிக்கறது) ஸ்டால் பக்கமா நடந்தா மூக்குல ஏறுமே ஒரு வாசனை, அது நம்ம வீட்டுலயே வரும். அதுலயும் பாக்கெட் தூளை விட நம்மளே கொஞ்சமா வறுத்து அரைச்சது ரொம்ப ரொம்ப நல்லா இருக்கும், வேலையும் மொத்தமே அரை மணி நேரம் தான்.

உள்ள போறது அஞ்சு சாமான். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு. இதுல நாலு ஏற்கனவே நம்ம பிரியாணி டப்பாவுல இருக்கு, அஞ்சாவதுக்கு மட்டும் தான் சீனவங்க கடைக்கு போகணும். ஜார்ஜ்டவுன்ல இருக்கறவங்களுக்கு ரொம்ப வசதி, லிட்டில் இந்தியாவுல லெபோ பசார் பக்கம் மளிகை கடையில நாலையும் வாங்கிட்டு, அப்படியே நடந்து லெபோ கேம்பல் பக்கமோ சௌராஸ்தா பசார் பக்கமோ போனா சீன மருந்து கடை, உலர் சாமான் கடை எல்லாம் இருக்கு. அங்க சிச்சுவான் மிளகுக்கு ஹுவா ஜியாவ்னு கேளுங்க, புரிஞ்சுக்குவாங்க. கோலாலம்பூர்ல இருந்தா மஸ்ஜிட் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல நம்ம சாமான், பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் மீதி. மலாய் கடையில வாங்கறீங்கன்னா அன்னாசிப்பூ புங்கா லாவாங், கிராம்பு புங்கா செங்கே, சோம்பு ஜிந்தான் மானிஸ். சோம்பையும் சீரகத்தையும் மாத்தி எடுத்துட்டு வந்துடாதீங்க, ஜிந்தான் பூத்தேன்னு எழுதியிருந்தா அது சீரகம், சீரகம் விழுந்தா இந்த தூள் நேரா குழம்பு வாசனைக்கு போயிடும்.

அன்னாசிப்பூ தான் இதுல தலைவர். சீனாவுல குவாங்ஸியிலயும் வட வியட்நாம்லயும் விளையுது. எட்டு இதழும் முழுசா, செம்பழுப்பா, ஒரு இதழை நகத்தால கீறினா உடனே இனிப்பு வாசனை வரணும். கறுத்துப்போயி தூசியா உடைஞ்சு கிடக்கறதை வாங்காதீங்க. சோம்புலயும் அன்னாசிப்பூலயும் அந்த இனிப்பு வாசனைக்கு காரணம் ஒரே பொருள் தான், அனித்தோல்னு பேரு, அதனால தான் ரெண்டும் சேரும்போது சண்டை போடாம ஒண்ணா போகுது. இங்க ஒரு முக்கியமான விஷயம் சொல்லிடறேன், ஜப்பான் அன்னாசிப்பூன்னு ஒண்ணு இருக்கு, பார்க்க கிட்டத்தட்ட இதே மாதிரி, ஆனா விஷம். காய்ஞ்ச பிறகு கண்ணால பார்த்து பிரிக்கறது கஷ்டம், அதனால எங்கிருந்து வருதுன்னே தெரியாத ஆன்லைன் மூட்டையை விட நல்லா ஓடற மளிகை கடையில வாங்கறது தான் சரி. இந்த கலப்படத்தால தான் 2003ல அமெரிக்க உணவு மருந்து துறை அன்னாசிப்பூ டீ குடிக்க வேண்டாம்னு எச்சரிக்கை கொடுத்தாங்க, அப்போ பாதிக்கப்பட்டவங்கள்ல கைக்குழந்தைங்களும் இருந்தாங்க. வயித்து வலிக்குன்னு குழந்தைக்கு அன்னாசிப்பூ தண்ணி கொடுக்கற பழக்கம் உங்க வீட்டுல இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க.

அடுத்து சிச்சுவான் மிளகு, இதுக்கு கொஞ்சம் நேரம் ஒதுக்கணும். பேர்ல தான் மிளகு, நம்ம மிளகுக்கும் இதுக்கும் உறவே இல்ல, இது எலுமிச்சை ஆரஞ்சு குடும்பம், அதனால தான் பாக்கெட்டை திறந்ததும் எலுமிச்சை தோல் வாசனை லேசா வரும். நமக்கு வேணுங்கறது வெளித்தோடு மட்டும், வாய் திறந்த மாதிரி இருக்கற அந்த சிவப்பு தோடு. உள்ள இருக்கற கறுப்பு விதை பளபளன்னு அழகா இருக்கும் ஆனா வாசனையும் கிடையாது, அரைச்சா மணல் மாதிரி பல்லுல நறநறங்கும். ஒரு வெள்ளை தட்டுல கொட்டி, விதை, காம்பு, சின்ன முள்ளு எல்லாம் விரலால தள்ளி எடுத்துடுங்க. எங்க மாடியில இருக்கற ஹொக்கியென் சீன ஆன்ட்டி இதை பேப்பர்ல கொட்டி ஒரு ஓரத்தை லேசா தூக்கி தட்டுவாங்க, விதை உருண்டை இல்லையா, தானா உருண்டு கீழ ஓடிடும், தோடு அங்கயே நிக்கும். அதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கறதை கையால பொறுக்கணும், பொறுக்காம விட்டா சாப்பிடும்போது தெரியும்.

நல்ல சரக்கான்னு பார்க்க ஒரே வழி, ஒரு தோடை முன்பல்லுல கடிச்சு வாயில வெச்சிருங்க. அரை நிமிஷத்துல நாக்கு நுனி விர்ர்ருனு துடிக்க ஆரம்பிக்கும், உதடு மரத்துப்போன மாதிரி ஆகும், எச்சில் ஊறும். சான்ஷூல்ங்கற பொருள் நாக்குல தொடு உணர்ச்சி நரம்பை தூண்டுறதால வர்றது அது. லண்டன்ல இதை ஆராய்ச்சியே பண்ணி 2013ல வெளியிட்டாங்க, உதட்டுல உணர்ற துடிப்பு நொடிக்கு 50 அதிர்வு அளவுல இருக்குதாம். கடிச்சும் ஒண்ணும் ஆகலைன்னா அது பழசு, வாங்காதீங்க. சுத்தமா கிடைக்கவே இல்லைன்னா சரவாக் வெள்ளை மிளகு அரை டீஸ்பூன் போட்டுக்கலாம், துடிப்பு இருக்காது, காரம் மட்டும் இருக்கும், ஆனாலும் தூள் நல்லா தான் இருக்கும்.

பட்டைக்கு சிலோன் பட்டை வேண்டாம், அந்த மெல்லிசா சுருள் சுருளா இருக்கறது பாயாசத்துக்கு நல்லது. இதுக்கு தடியான, கடிச்சா காரமா இனிப்பா இருக்கற காசியா பட்டை. நம்ம கடையில காயு மானிஸ்னு கட்டு கட்டா இருக்கறது பெரும்பாலும் இந்தோனேசியா தடிப்பட்டை தான், அது தாராளமா போதும். கிராம்பு தலை மொட்டோட முழுசா இருக்கணும், நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியணும்.

அளவு சொல்றேன். முழு அன்னாசிப்பூ 6, தோடு மட்டும் எடுத்த சிச்சுவான் மிளகு 1 டேபிள்ஸ்பூன், சோம்பு 1 டேபிள்ஸ்பூன், பட்டை ரெண்டு இன்ச் துண்டு 2, கிராம்பு 10ல இருந்து 12. அவ்வளவு தான், எல்லாம் சேர்த்து 25 கிராம் பக்கத்துல வரும், சின்ன ஜாம் பாட்டில்ல பாதிக்கும் கீழ. கம்மியா இருக்கேன்னு டபுள் பண்ணாதீங்க ப்ளீஸ், ஒரு குடும்பத்துக்கு இது ரெண்டு மாசம் ஓடும், அதுக்கு மேல வெச்சா வீட்டுல அரைச்சதுக்கு அர்த்தமே இல்ல. அன்னாசிப்பூவையும் கிராம்பையும் மட்டும் எண்ணி போடுங்க, மத்தது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல. கிராம்பு கூடினா பல்லு வலிக்கு வெச்ச பஞ்சு ஞாபகம் தான் வரும், ஏன்னா ரெண்டுலயும் அதே யூஜினால் எண்ணெய். அன்னாசிப்பூ கூடினா இருமல் மருந்து வாசனை.

வறுக்கறதுக்கு குவாலி (வாணலி) காய்ஞ்சிருக்கணும், தீ சின்னதுல. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி வறுக்கறது தான் நிறைய பேர் செய்யறது, ஆனா பட்டை சூடாகறதுக்குள்ள சிச்சுவான் மிளகு கருகிடும், கருகினா கசப்பு, அந்த கசப்பை அப்புறம் எதை போட்டும் எடுக்க முடியாது. முதல்ல பட்டையை உடைச்சு, அன்னாசிப்பூ கூட போட்டு ரெண்டு நிமிஷம் பிரட்டுங்க. அப்புறம் சோம்பு கிராம்பு, இன்னும் ஒரு நிமிஷம், சோம்பு பச்சை நிறம் போயி லேசா பொன்னிறத்துக்கு திரும்பும்போது அடுப்பை அணைச்சுடுங்க. அணைச்ச பிறகு தான் சிச்சுவான் மிளகு. குவாலி சூட்டுலயே ஒரு அரை நிமிஷம் கிளறினா அதுக்கு போதும், எலுமிச்சை வாசனை குபுக்குனு எழும்பும், உடனே தட்டுல கொட்டிடுங்க. புகை வர்ற வரைக்கும் வறுக்கறது நம்ம வறுத்தரைச்ச குழம்புக்கு சரி, இதுக்கு வேண்டாம், ஈரம் போயி வாசனை முழிச்சுக்கிட்டா போதும்.

முழுசா ஆறட்டும். நம்ம ஊர் காத்துல எவ்வளவு ஈரம்னு தெரியும், அதனால ஆற வைக்கறேன்னு சாயங்காலம் வரைக்கும் திறந்து வெக்காதீங்க, மறுபடி ஈரம் இழுத்துக்கும், 15 20 நிமிஷம் போதும். சூடா அரைச்சா மிக்ஸி மூடியில வேர்த்து தூள் கட்டி பிடிக்கும். அன்னாசிப்பூவை உரல்ல போட்டு ரெண்டு குத்து குத்தி உடைச்சுட்டு அப்புறம் சின்ன ஜார்ல போடுங்க, முழுசா போட்டா பிளேடுல மாட்டிக்கிட்டு சுத்தாம நிக்கும். விட்டு விட்டு அரைங்க, ஒரே ஓட்டமா ஓட்டினா சூடு ஏறி வாசனை அங்கயே பறந்துடும். அப்புறம் டீ வடிகட்டியில சலிச்சு, மேல நிக்கற தரிதரியா இருக்கறதை திரும்ப ஒரு சுத்து. அதுலயும் நிக்கறதை தூக்கி போட வேண்டாம், சூப்புக்கு துணியில முடிஞ்சு போட்டுக்கலாம். தூள் செம்மண் நிறத்துல, விரல்ல தேய்ச்சா மெத்துனு இருக்கணும்.

போட்டு வைக்கறது கண்ணாடி பாட்டில்லயோ எவர்சில்வர் டப்பாவுலயோ. பிளாஸ்டிக் வேணவே வேண்டாம், கிராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கை மங்க அடிச்சுடும், வாசனையும் அதுல ஏறிக்கிட்டு போகவே போகாது. அடுப்பு மேல இருக்கற ஷெல்ஃப்ல வெக்காதீங்க, சூடு ஆவி ரெண்டும் அங்க தான். கொதிக்கற சட்டி மேல பாட்டிலை நேரா கவுக்காம காய்ஞ்ச ஸ்பூன்ல எடுங்க. மிக்ஸி ஜார் வாசனை போக ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டு அரைச்சு கொட்டிட்டு கழுவுங்க, இல்லன்னா மறுநாள் தேங்காய் சட்னியில அன்னாசிப்பூ வரும்.

இனி எப்படி போடறதுன்னு பார்ப்போம், நான் இதை எழுதறதே இதுக்காக தான். நம்ம கரம் மசாலா மாதிரி வெங்காயம் தக்காளி வதக்கும்போது எண்ணெய்ல போட்டு தாளிக்கற தூள் இல்ல இது. இது உப்பும் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்து இருக்கற இடத்துல தான் வேலை செய்யும், அதாவது கிச்சாப் (சோயா சாஸ்), சீனி, எண்ணெய் இல்லன்னா கோழித்தோல் கொழுப்பு. இந்த மூணுல ஒண்ணு இல்லன்னாலும் தூள் தனியா நிக்கும், மருந்து வாசனைன்னு சொல்றாங்களே, அது இப்படி வர்றது தான். அளவுக்கு ஒரு கணக்கு மனசுல வெச்சுக்குங்க, ஒரு கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டி. புதுசா வீட்டுல அரைச்சது பாக்கெட்டை விட கடுமையா இருக்கும், முதல் தடவை முக்கால் டீஸ்பூன்ல ஆரம்பிங்க. வாசனை பின்னாடி இருந்து வரணும், சாப்பிடறவங்க என்னமோ நல்லா இருக்கேன்னு யோசிக்கணும், அன்னாசிப்பூ போட்டிருக்கீங்களான்னு கேட்டாங்கன்னா கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

முதல்ல செய்ய வேண்டியது ஓவன்ல சுட்ட கோழித்தொடை. ஒரு கிலோ தொடை, எலும்பும் தோலும் இருக்கணும். ஒரு டீஸ்பூன் தூள், கிச்சாப் மாசின் (உப்பு சோயா சாஸ்) 3 டேபிள்ஸ்பூன், நிறத்துக்கு கிச்சாப் பெக்காட் (கெட்டி கறுப்பு சோயா சாஸ்) 1 டீஸ்பூன், சீவின குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 1 டேபிள்ஸ்பூன், தட்டின பூண்டு 5 பல், இஞ்சி சாறு கொஞ்சம், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். தோலுக்கும் கறிக்கும் நடுவுல விரலை விட்டு அங்கயும் தடவுங்க, மேல மட்டும் தடவினா தூள் சூட்டுல கருகும், உள்ள போனது தான் ருசி. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல. மறுநாள் 200 டிகிரியில 35ல இருந்து 40 நிமிஷம், கடைசி 10 நிமிஷத்துல தேன் தடவுங்க, முன்னாடியே தடவினா கறுத்துடும். தெர்மாமீட்டர் இருந்தா எலும்பு பக்கத்துல 74 டிகிரி தொடணும். சோறு, வெள்ளரிக்காய், கொஞ்சம் சம்பல், வேற ஒண்ணும் வேண்டாம்.

லோர் பாக் நம்ம வீடுகள்ல எல்லாரும் சாப்பிடறது இல்ல ஏன்னா அது பன்றி இறைச்சி, ஆனா அதே முறையில கோழியில செய்யலாம். தொடைக்கறி அரை கிலோவை விரல் அளவுக்கு நீளமா வெட்டி, அரை டீஸ்பூன் தூள், கிச்சாப் 1 டேபிள்ஸ்பூன், சீனி 1 டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள், கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன், ஒரு முட்டை, நறுக்கின வெங்காயம், எல்லாம் பிசைஞ்சு ஒரு மணி நேரம் ஊறட்டும். ஃபூச்சுக் தாளை (சோயா பால் ஆடையை காய வெச்சது) ஈரத்துணியால ரெண்டு பக்கமும் துடைங்க, அதுல உப்பு இருக்கும், துடைச்சா உப்பும் போகும் மடிக்கும்போது ஒடியாது. கறியை நீளமா வெச்சு இறுக்கி சுருட்டி ஓரத்துல மாவு பசை. கடைக்காரங்க நேரா எண்ணெய்ல போடுவாங்க, வீட்டுல 10 நிமிஷம் ஆவியில வெச்சு, ஆற விட்டு, அப்புறம் மிதமான எண்ணெய்ல பொரிச்சா உள்ள வேகலையோங்கற பயமே இல்ல. சூடா இருக்கும்போது வெட்டாதீங்க, பிரிஞ்சு வரும், ரெண்டு நிமிஷம் கழிச்சு சாய்வா வெட்டுங்க. சில்லி சாஸும், கிச்சாப் கலந்த தண்ணியில கார்ன்ஃப்ளார் கரைச்சு கொதிக்க வெச்சு கடைசியில முட்டை வெள்ளையை நூலா ஊத்தின கெட்டி சாஸும் பக்கத்துல இருந்தா அது தான் பினாங்கு முறை.

புரட்டாசி, நவராத்திரி சமயத்துக்கும் இது கை கொடுக்கும். பல வருஷம் அதே நாட்கள்ல தான் சீனவங்களோட ஒன்பது பேரரசர் திருவிழாவும் வரும், பினாங்கு முழுக்க மஞ்சள் கொடி கட்டி சைவ ஸ்டால் போடுவாங்க, சைவ லோர் பாக் கூட கிடைக்கும். வீட்டுல செய்ய தௌ குவாவை (கெட்டி டோஃபு) சதுரமா வெட்டி பொரிச்சு, காளானை தண்ணி வத்தற வரைக்கும் வதக்கி, கிச்சாப் 2 டேபிள்ஸ்பூன், சீனி 1 டீஸ்பூன், கால் டீஸ்பூன் தூள், அரை கப் தண்ணி விட்டு சுண்ட விடுங்க, இறக்கும்போது சில துளி நல்லெண்ணெய். மேல கடிக்கறதுக்கு கொத்தமல்லி தழை. பூண்டு சேர்க்காதவங்களும் இதை அப்படியே செய்யலாம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தூள் வேண்டாம், முழு சாமானா போடுங்க, அது கிச்சாப்புல முட்டை வேக வைக்கறது. சட்டியில சீனி ஒன்றரை டேபிள்ஸ்பூன் உருக்கி பொன்னிறமானதும் 3 கப் தண்ணி (தெறிக்கும், தள்ளி நில்லுங்க), கிச்சாப் மாசின் 3 டேபிள்ஸ்பூன், பெக்காட் 2 டேபிள்ஸ்பூன், அன்னாசிப்பூ 2, பட்டை 1, கிராம்பு 3, தோலோட ஒரு முழு பூண்டு. உரிச்ச முட்டை 6, தௌ போக் (பொரிச்சு உப்பின டோஃபு) ஒரு கை. சின்ன தீயில 40 நிமிஷம், அப்புறம் அப்படியே ஊறட்டும், மறுநாள் தான் உச்சம். இதுல தூள் போட்டா குழம்பு கலங்கும், அடியில வண்டல் நிக்கும்.

அடுத்தது உப்பு, இதை கண்டிப்பா செஞ்சு வெச்சுக்குங்க. தூள் உப்பு 3 டேபிள்ஸ்பூனை குவாலியில லேசா நிறம் மாறற வரைக்கும் வறுத்து, அடுப்பை அணைச்சு, ஒரு டீஸ்பூன் ஃபைவ் ஸ்பைஸ் கலந்துக்கோங்க. பொரிச்ச கோழி, சர்க்கரைவள்ளி கிழங்கு வறுவல், வறுத்த கடலை, மரவள்ளி சிப்ஸ், தீபாவளி முறுக்கு சூடா இருக்கும்போது மேல ஒரு தூவல், எல்லாத்துக்கும் பொருந்தும்.

எதுல போடக்கூடாதுன்னும் சொல்லணும். புளி இருக்கற எதுலயும் வேண்டாம், மீன் குழம்பு, சாம்பார், ரசம் எல்லாம். தேங்காய் பால் கறியில அன்னாசிப்பூ முழுசா போடறது வழக்கம் தான், ஆனா இந்த தூள் அங்க எனக்கு பிடிக்கல, சிச்சுவான் மிளகு தேங்காயோட ஒட்ட மாட்டேங்குது. நம்ம வீட்டு கிச்சாப் கோழிக்கு மட்டும் ஒரு சிட்டிகை, இறக்கறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி.

பழகினதுக்கு அப்புறம் மாத்தி பார்க்கலாம். காய வெச்ச ஆரஞ்சு தோல் ஒரு சின்ன துண்டு சேர்த்து அரைச்சா வாத்துக்கும் கோழிக்கும் பிரமாதம், சீன மருந்து கடையில பழைய தோலாவே கிடைக்கும். பினாங்கு பாலிக் பூலாவ் ஜாதிக்காய் கொஞ்சம் துருவி போடறதும் நல்லா இருக்கும். மல்லி வேண்டாம், பாக்கெட் தூள் சிலதுல லேபிளை படிச்சா மல்லி இருக்கும், அது வாசனையை நம்ம பக்கம் இழுத்துடுது. பாட்டில் மேல அரைச்ச தேதியை எழுதி ஒட்டிடுங்க, மூணு மாசம் தாண்டி திறந்தவுடனே வாசனை முகத்துல அடிக்கலைன்னா மீதியை கோழி ஊற வைக்கற உப்புத்தண்ணியில கொட்டிட்டு புதுசா அரைச்சுடுங்க.